இங்கேயிருந்து யாரும் கூப்பிடலையே

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். ராஜபாளையத்திலிருந்து பைக்கில் வந்திருந்தேன். வாசலில் எப்போதும் நிற்கிற இளநீர் வண்டி நின்றது. வெயிலும் எப்போதும் போலத்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பேய்க் கதை என்றால் இருட்டும் மழையும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில், ஃபினாயில் வாசத்துக்கு நடுவில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பாலகணேஷ். மில், காலேஜ், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கு போன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பழைய காலத்து போன் இல்லை, கம்ப்யூட்டர் வயரிலேயே ஓடுகிற போன். இந்த ஆஸ்பத்திரிக்கும் ஒன்றரை வருஷத்துக்கு முன்பு நான்தான் போட்டேன். அப்போது மாரீஸ்வரி உயிரோடு இருந்தாள்.

மாரீஸ்வரி என் மனைவி. அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் நான் ஒரு தடவைகூட அழவில்லை. அழக் கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமே, ஆள் முழுக்க அப்படி ஆகியிருந்தேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொன்னேன்.

மேனேஜர் சேதுபதி தன் அறையில் இருந்தபடியே கையை ஆட்டினார்.

“வாய்யா பாலகணேசு. ஆம்புலன்ஸ் லைன்ல என்னமோ கோளாறுன்னு டிரைவர் உசுர வாங்குதான். தெனமும் பதினொண்ணே முக்கால் வாக்குல ஒரு கால் வருதாம், எடுத்தா யாரும் பேச மாட்டேங்காங்களாம். மூணு வாரமா இதே பாட்டு. நீ ஒண்ணு லைனச் சரிபண்ணு, இல்லாட்டி லைன் நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடு. நான் ஆள மாத்திக்கிடுதேன்.”

“பாத்துட்டுச் சொல்லுதேன் சார்.”

முன்பக்கம் கண்ணாடி ஒட்டிப் புதுசாக்கியிருந்தாலும் பின்கட்டு பழைய கட்டடம்தான். அதற்கும் பின்னால் ஆம்புலன்ஸ் ஷெட். டிரைவர் ஆஸ்டின் குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

“அண்ணே, நான் பொய் சொல்லலண்ணே. ஆஸ்பத்திரி நம்பர்தான் வருது. எடுத்தாப் பேச்சே இல்ல. ஒரு சத்தம் மட்டும்.”

“என்ன சத்தம்?”

அவன் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“இரைப்புண்ணே. வீசிங் பேசண்டு மூச்சு இழுப்பாங்கள்ல, அது. எம்புட்டுப் பேர ஏத்தி எறக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒடனே ரிசப்ஷனுக்கு அடிச்சுக் கேக்கேன். ‘இங்கேயிருந்து யாரும் கூப்பிடலையே’ங்கா ஷெரினு.”

அந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. ஏழு மாதமாக அது எனக்குத் தெரியும்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெளியாள் ஒருவர் ஆஸ்பத்திரி எண்ணுக்கு அடித்து, ஆம்புலன்ஸ் வேண்டுமென்று ஒன்றாம் எண்ணை அமுக்கினால், ஷெட்டில் இருக்கிற மேசை போன் அடிக்கும். பதினைந்து விநாடிக்குள் யாரும் எடுக்காவிட்டால், அழைப்புகளைப் பிரித்து அனுப்புகிற மெஷின் அதை டிரைவரின் செல்போனுக்குத் திருப்பிவிடும். அப்படித் திருப்பும்போது செல்போன் திரையில் யாருடைய எண்ணைக் காட்டுவது என்பதுதான் கேள்வி. கூப்பிட்டவரின் எண்ணைக் காட்டினால் போன் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. உனக்குக் கொடுத்த எண்ணைத் தவிர வேறெதையும் காட்டாதே என்று அழைப்பையே வெட்டிவிடும். அதனால் ஆஸ்பத்திரியின் எண்ணைத்தான் காட்ட வேண்டும். இதுவரைக்கும் என் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பத்து எண்கள் இருந்தன. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மாறும், 00 முதல் 09 வரை. ரிசப்ஷனிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் 00 காட்டும். திருப்பிவிடுகிற ஆம்புலன்ஸ் அழைப்புக்கு மட்டும் 07 காட்டும்படி நான் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தால், 07 என்று வந்தாலே இது வெளியாள், அவசரம் என்று டிரைவருக்குத் தெரிந்துவிடும். எடுக்கத் தவறினாலும், ஷெட்டுக்கு நடந்து போய் மேசை போனைப் பார்த்தால் கூப்பிட்டவரின் எண் அதில் இருக்கும். பத்து நிமிஷ வேலை. போட்ட அன்றைக்கே ஆஸ்டின் கேட்டான், ரிசப்ஷன் கூப்பிடுகிறதா வெளியாள் கூப்பிடுகிறாரா என்று எப்படித் தெரியும் என்று. “எல்லாத்தையும் எடுத்துரு, அம்புட்டுத்தான்” என்றேன். எனக்குப் பசி. சுந்தரபாண்டியத்தில் வீட்டில் மாரீஸ்வரி குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எல்லா அழைப்புக்கும் 00 என்று ஒரே கட்டத்தில் நிரப்பிவிட்டுக் கிளம்பினேன்.

அன்று சாப்பிட்டுக்கொண்டே அவள் போனை வாங்கி ஆஸ்பத்திரி எண்ணை ‘ஆம்புலன்ஸ்’ என்று பதிந்து கொடுத்தேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரைப்பு உண்டு. “நான் இல்லாதப்ப ஏதாச்சும்னா இதுக்கு அடி. நான் போட்ட லைன்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஏழு மாதத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஒரு பட்டாசு ஆலையில் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது அவளுக்குத் தெரியும். அதனால் என்னைக் கூப்பிட்டு நேரத்தைப் போக்காமல் நேராக ‘ஆம்புலன்ஸ்’ என்பதை அமுக்கியிருக்கிறாள். மணி 11:42. ஆஸ்டின் அப்போது வார்டில் ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். கை ஒழிந்ததும் போனைப் பார்த்தான். 00. ரிசப்ஷன்தான் என்று நினைத்துத் திருப்பி அடித்தான். ஷெரின், இங்கேயிருந்து யாரும் கூப்பிடலையே என்றாள். அவர்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், 11:44க்கு, மாரீஸ்வரி இரண்டாவது தடவை அடித்தாள். ஆஸ்டினின் லைன் பிஸி. மூன்றாவது தடவை அடிக்க அவளிடம் மூச்சு இல்லை.

ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி அக்கா வந்து பார்த்திருக்கிறார். வாசக்கதவு திறந்திருந்தது. வருகிறவர்கள் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கியிருக்கிறாள். கதவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாளாம்.

காரியம் முடிந்த மறுநாள், வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரி மெஷினின் பதிவைத் திறந்து பார்த்தேன். அவள் எண்ணிலிருந்து இரண்டு வரி. 11:42, 11:44. மூடினேன். ஆஸ்டினிடமும் ஷெரினிடமும் ஒரு பெண்மணிக்கு போன் கிடைக்கவில்லையாமே என்பது போலப் பேச்சுக் கொடுத்து மீதியைத் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்மணி யார் என்று சொல்லவில்லை. 00-ஐ 07 ஆக மாற்றவும் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கக் கை வரவில்லை. வேறு யாராவது அடித்து, கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு ராஜபாளையத்தில் கடை மாடியிலேயே தங்கிக்கொண்டேன்.

“அண்ணே, என்ன யோசிக்கீக?” என்றான் ஆஸ்டின்.

“ஒண்ணுமில்ல. நான் மெஷின் ரூம்ல இருக்கேன். நீ எப்பவும்போல இரு. வந்தா எடு.”

மெஷின் ரூம் என்பது பின்கட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறை. முன்பு வார்டின் அழுக்குத் துணிகளைப் போட்டு வைக்கிற இடம். எத்தனை முறை வெள்ளையடித்தும் சுவரில் ஈர வாடை போகவில்லை. ஒரு ஜன்னல் உண்டு, அதைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். மெஷினின் பச்சை விளக்குகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன. கதவைச் சாத்தினால் ஆஸ்பத்திரியின் சத்தமெல்லாம் தலைக்கு மேலே படியேறிப் போய்விடும்.

லேப்டாப்பை மாட்டிப் பதிவைத் திறந்தேன்.

இருபத்தொரு நாள். நாளுக்கு இரண்டு வரி. நாற்பத்திரண்டு வரியிலும் கூப்பிட்ட எண் என்ற இடத்தில் மாரீஸ்வரியின் எண்.

நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தேன். இல்லை. வேலைக்காரன் புத்தி மட்டும் வேலை செய்தது. பழைய பதிவு திரும்பத் திரும்ப ஏறுகிறதா என்று பார்த்தேன், இல்லை. யாராவது அவள் எண்ணைப் போலியாகக் காட்டுகிறார்களா என்று பார்த்தேன், அதற்கும் தடயம் இல்லை. நேர்மையான அழைப்புகள். போன் கம்பெனி வழியாக, முறைப்படி வந்தவை.

அவள் போன் என் பையில்தான் இருந்தது. எப்போதும் இருக்கும். அணைத்துத்தான் வைத்திருப்பேன். சிம்முக்கு மட்டும் மாதாமாதம் ரீசார்ஜ் போட்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போனை எடுத்து மேசையில் வைத்தேன். திரை கறுப்பாக இருந்தது. ஊசியால் குத்தி சிம்மை வெளியே எடுத்தேன். அதை மேசை மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன்.

11:40.

11:41.

முதலில் வாசம்தான் வந்தது. தைலம். இரைப்பு கூடுகிற நாளில் அவள் நெஞ்சில் தடவிக்கொள்கிற பச்சைத் தைலம். அந்த அறையில் சூடான பிளாஸ்டிக்கும் ஈரச் சுண்ணாம்பும்தான் மணக்கும்.

திரையில் ஒரு வரி முளைத்தது.

அவள் எண்.

சிம் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது.

சுவருக்கு அப்பால் ஷெட்டில் மேசை போன் அடித்தது. ஆஸ்டின் குழாயோடு வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பான். பதினைந்து விநாடி. நின்றது. ஆஸ்டினின் செல்போன் அடித்தது. “ஹலோ” என்றான். பிறகு இன்னொரு “ஹலோ.” அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை.

வரி அணைந்தது.

அடுத்ததற்கு இரண்டு நிமிஷம் இருந்தது. திருப்பிவிடும் பக்கத்தைத் திறந்தேன், ஏழு மாதமாகத் திறக்காத அதே பக்கத்தை. ஆஸ்டினின் எண்ணை அழித்துவிட்டு என் எண்ணை அடித்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

11:44.

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 00. ஆஸ்பத்திரி எண். நான் நிரப்பிய எண்.

காதில் வைத்தேன்.

இரைப்பு. நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில் போல ஏறி இறங்குகிற மூச்சு. பத்து வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

“அண்ணாச்சி…”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அண்ணாச்சி… ஆம்புலன்ஸா?”

என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற குரல்.

“ஈஸ்வரி” என்றேன். “நான்தான்டி.”

“சுந்தரபாண்டியம்… அண்ணாச்சி. தண்ணி டேங்குத் தெரு… மூணாவது வீடு. பச்சக் கதவு.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இழுத்தாள். “வீட்டுக்காரரு பட்டாசு ஆலைக்குப் போயிருக்காரு. போன வாங்கி வச்சிருவாங்க… அவிய வந்து என்னைய இப்பிடிப் பாத்தா பயந்துருவாக. அதுக்குள்ள வாங்க அண்ணாச்சி.”

“ஈஸ்வரி, நான் பாலகணேஷ்.”

“கதவத் தொறந்து வைக்கேன்… அண்ணாச்சி. வாரீகளா?”

“வாரேன்” என்றேன்.

லைன் நின்றது.

வெளியே வந்தபோது ஆஸ்டின் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 00, 07, அன்றைய பசி, அந்தப் பெண்மணி யார் என்பது, எல்லாம். ஒரு ரிப்பேர் விவரம் சொல்வது போலத்தான் சொன்னேன். எனக்கு வேறு குரல் இருக்கவில்லை.

குழாய்த் தண்ணீர் அவன் செருப்பை நனைத்து ஓடிக்கொண்டிருந்தது.

“ஏழு மாசமாத் தெரியுமாண்ணே?”

“தெரியும்.”

“ஒரு வார்த்த சொல்லல.”

“சொல்லல.”

அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் போய்க் குழாயை மூடினான். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தான்.

“அவிய அட்ரஸ் சொல்லிட்டாகள்ல?”

“சொல்லிட்டா.”

“அப்ப எடுக்கணும்ணே. அட்ரஸ் வந்துட்டா வண்டி எடுத்தாகணும். ஏறுங்க.”

டிரிப் நோட்டில் கிளம்பிய நேரம் எழுதினான். 11:55. கிருஷ்ணன்கோவிலில் திரும்புகிறவரை சைரன் போட்டுக்கொண்டு போனான். லாரிகள் ஒதுங்கி வழி விட்டன. டீக்கடையில் நின்ற ஒருவர் எங்கள் வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் முன்சீட்டில் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாவி தேவைப்படவில்லை.

நான் பூட்டிய பூட்டு பூட்டியபடியே வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு மட்டும் உள்பக்கமாகத் திறந்திருந்தது.

உள்ளே தைல வாசம். தரையில் ஏழு மாதத் தூசி, என் செருப்புத் தடம் பதிகிற அளவுக்குக் கனமாக. கதவை ஒட்டிச் சுவரோரம் மட்டும் தூசி இல்லை. ஒரு ஆள் உட்கார்கிற அளவு இடம், சற்று முன்புதான் எழுந்தது போல, வழவழவென்று.

ஆஸ்டின் ஸ்ட்ரெச்சரை இறக்கி, உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். விரிப்பை உதறி விரித்தான். அந்த வெறும் இடத்துக்கு முன்னால் மண்டி போட்டான். எல்லா நோயாளியிடமும் அவன் பேசுகிற அதே குரலில், மெதுவாகச் சொன்னான்.

“யம்மா, பயப்படாதீக. வந்துட்டோம். செத்த நேரம்தான்.”

பிறகு என்னைப் பார்த்தான். “கால் பக்கம் பிடிங்கண்ணே.”

பிடித்தேன். கையில் எந்தக் கனமும் இல்லை. இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம்.

திரும்பி வரும்போது என்னைப் பின்னால் உட்காரச் சொன்னான். ஆக்சிஜனைத் திறந்து, மாஸ்க்கைத் தலையணை மேல் வைத்துவிட்டு முன்னால் போனான். வண்டி கிளம்பியது. விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மாஸ்க்கின் உள்பக்கம் லேசாகப் பனித்தது.

தெளிந்தது.

மறுபடி பனித்தது.

ஆஸ்பத்திரி வரும்வரை நான் அதை எண்ணிக்கொண்டே வந்தேன். முதலில் வேகமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது.

கேஷுவாலிட்டியில் மூன்றாம் கட்டில் காலியாக இருந்தது. ஆஸ்டின் ஸ்ட்ரெச்சரை அதை ஒட்டி நிறுத்தி, ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணி விரிப்பை மாற்றினான். நர்ஸ் பாண்டிசெல்வி எட்டிப் பார்த்தார்.

“என்ன ஆஸ்டினு, பேசண்டு எங்க?”

“எறக்கியாச்சு சிஸ்டர்” என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

அன்றே மெஷின் ரூமில் உட்கார்ந்து, திருப்பிவிடுகிற ஆம்புலன்ஸ் அழைப்புக்கெல்லாம் 07 என்று மாற்றினேன். ஆஸ்டினின் எண்ணைப் பழையபடி போட்டேன். எட்டு நிமிஷம் ஆனது. சேதுபதி சாரிடம் தப்பு என் பேரில்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “இனிமே வராதுல்ல?” என்று மட்டும் கேட்டார்.

வரவில்லை. மறுநாள் 11:42க்கு ஷெட் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. “இப்பத்தான் நிம்மதியாத் தூங்குதேண்ணே” என்றான் ஆஸ்டின். எனக்குத்தான் ஏனோ அந்த நேரம் வந்தால் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம், இனி ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள், ராஜபாளையம் கடையில் வயர் முனைக்கு கிளிப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் வேலையில் இருந்தது. போன் அடித்து ஓய்ந்தது. முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி எண். 07 இல்லை, 00. மேனேஜராக இருக்கும் என்று நினைத்துத் திருப்பி அடித்தேன்.

“ஷெரின், கூப்பிட்டீங்களாம்மா?”

“நாங்களா? இல்லையேண்ணே. இங்கேயிருந்து யாரும் கூப்பிடலையே.”

அவள் சொல்லி முடிக்கும் முன்பே என் காதுக்குள் இன்னொரு அழைப்பு வருகிற டொக் டொக் சத்தம் கேட்டது. திரையைப் பார்த்தேன். 00-வோடு பேசிக்கொண்டிருந்தேன். கூப்பிடுவதும் 00.

மணி 11:44.

ஷெரினைத் துண்டித்துவிட்டு அதை எடுத்தேன்.

“ஏங்க.”

இரைப்பு இல்லை. நன்றாக, தெளிவாக, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற குரல்.

“ஏங்க, நான் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேங்க. அந்தத் தம்பிதான் கூட்டியாந்துச்சு. மூச்சு இப்பத் தேவல. ஆனா இங்க ஒருத்தரும் என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்க மாட்டேங்காங்க. நான் படுத்திருக்கேன்ல, எம்மேலயே வேற ஆளுகளக் கொண்டாந்து படுக்கப் போடுதாங்க. எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க எப்ப வருவீக?”

கன்னத்தில் என்னவோ ஊர்ந்தது. துடைத்துப் பார்த்தேன், ஈரம். ஏழு மாதம் கழித்து, கிளிப்பும் வயரும் சிதறிக் கிடந்த மேசையில் தலையை வைத்து அழுதேன்.

“வாரேன் ஈஸ்வரி. இந்தா, வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அது நடந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது தினமும் பதினொன்றரைக்கெல்லாம் கேஷுவாலிட்டிக்குப் போய்விடுகிறேன். மூன்றாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். கட்டிலில் யாராவது படுத்திருப்பார்கள், ஒரு நாள் வயிற்றுவலிக்காரர், ஒரு நாள் பைக்கில் விழுந்தவர். பாண்டிசெல்வி சிஸ்டர் முதலில் கேட்டார், இப்போது கேட்பதில்லை. அழைப்பு எந்த போனிலிருந்து கிளம்புகிறது என்று பதிவில் தேடிப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வரியே இல்லை.

ஆனாலும் வருகிறது. 11:42க்கு என் கையில் போன் அதிரும்.

“ஏங்க, எப்ப வருவீக?” என்பாள்.

ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன். கம்பி சில்லென்று இருக்கும். “ஈஸ்வரி, நான் வந்து ரொம்ப நேரமாச்சு. உம் பக்கத்துலதான் இருக்கேன். பாரு.”

அவள் தலையைத் திருப்பித் தேடுகிறாள் போல, தலையணை உறை உரசுகிற சத்தம் போனில் கேட்கும். என் முன்னால் இருக்கிற தலையணையும் அதே நேரத்தில் லேசாக அமுங்கி எழும்.

“இல்லையேங்க” என்பாள். “இங்க யாரும் வரலையே.”